நஞ்சை புஞ்சை தெரியாத என் ஆப்

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எல்கேஜியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். நம்ம மின்னிதழுக்கு எழுதச் சொல்லி எடிட்டோரியல் டீம் கேட்டபோது, "எனக்குத் தமிழ் டைப்பிங்கே வராதே" என்று நழுவப் பார்த்தேன். "உன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி எழுது. நல்லா வந்ததை எழுதாத, சொதப்பினதை எழுது" என்றார்கள். சொதப்பல் என்றால் என்னிடம் ஸ்டாக் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். சந்திப்பிழை இருந்தால் ஜூனியர்ஸ் யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டாம்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம். கரிசல் மண். மக்காச்சோளமும் பருத்தியும்தான். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அம்மா பிறந்த ஊர் அரியலூர் மாவட்டத்தில் திருமானூர் பக்கம், கொள்ளிடத்துக்குக் கொஞ்ச தூரத்தில். அங்கே நெல், கரும்பு. லீவுக்குப் போகும்போது பச்சை நிறம் கூடிக்கொண்டே போகும், அது மட்டும் எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் அரசாணையில் இருக்கிறது, அது தெரியாமல் போனதால் ஒருவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போயிருக்கும் என்பது எனக்கு 21 வயதில்தான் தெரிந்தது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை உங்கள் எல்லோர் வீட்டிலும் பேசிய விஷயம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். தொடங்கும்போதே ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு மேல். ஆனால் "தகுதியுள்ள" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து படித்திருக்கிறீர்களா? 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் கீழே. நன்செய் நிலம் என்றால் 5 ஏக்கருக்குக் குறைவு, அல்லது புன்செய் நிலம் என்றால் 10 ஏக்கருக்குக் குறைவு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர்தான். இதெல்லாம் தாண்டினால் விலக்குப் பட்டியல்: அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர், தொழில் வரி கட்டுபவர், கார், ஜீப், டிராக்டர் வைத்திருப்பவர், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜிஎஸ்டி கட்டுபவர், ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குபவர் என்று நீளும். அந்த விலக்குக்குள்ளும் விலக்கு உண்டு. கடும் மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை தடையில்லை.

இதைப் பார்த்ததும் ஒரு சிஎஸ்இ மூளைக்கு என்ன தோன்றும்? இஃப், எல்ஸ் இஃப், எல்ஸ் இஃப். எனக்கும் அதேதான் தோன்றியது.

2025 ஜூலை 15-ல் "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்கள் ஆரம்பித்தன. உரிமைத் தொகைக்கு விடுபட்டவர்கள் அங்கே விண்ணப்பம் கொடுக்கலாம் என்றார்கள். நாங்கள் அப்போது செவன்த் செமஸ்டர். மூன்று பேர் டீம். ப்ராஜெக்ட் டைட்டில் கேட்டு கைடு துரத்திக்கொண்டிருந்தார். "முகாம்ல போய் வரிசைல நிக்கறதுக்கு முன்னாடியே, நமக்குத் தகுதி இருக்கா இல்லையான்னு சொல்ற ஒரு சின்ன ஆப்" என்றேன். ஓகே ஆயிற்று. ரெண்டு நைட்டில் முதல் வெர்ஷன் ரெடி. இருநூறு வரி, எல்லாம் இஃப். கேள்வி கேட்கும், பதில் போட்டால் பச்சை ஸ்க்ரீனில் "தகுதி உண்டு" அல்லது சிவப்பு ஸ்க்ரீனில் "தகுதி இல்லை". காரணம் எதுவும் கிடையாது. யுஐ க்ளீனா இருக்கணும் இல்ல?

முதல் பயனர் நானேதான். வயது 21, வருமானம் குறைவு, நிலம் குறைவு. பச்சை. "அம்மா, எனக்கே ஆயிரம் ரூபா வரும்போல" என்று காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. "கார்டுல தலைவி நானா, நீயா?" என்றார். அந்தக் கேள்வியையே கோடில் விட்டிருந்தேன். சேர்த்தேன். அப்போதாவது உஷார் ஆகியிருக்கணும்.

அந்த ஞாயிறு பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். 2023-ல் எல்லோரும் விண்ணப்பம் கொடுத்த நாட்களில் பெரியம்மா மகள் பிரசவத்துக்காகத் திருப்பூரில் இருந்தார். அதில் விட்டுப்போனது. திண்ணையில் உட்கார்ந்து போனை நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கரண்ட் பில் எவ்வளவு, கார் இருக்கா, யாராவது கவர்ன்மென்ட் வேலையா. கடைசியில், "மொத்தம் எவ்வளவு நிலம் பெரியம்மா?"

"எல்லாம் சேத்து ஆறு ஏக்கர் இருக்கும் பாப்பா."

ஆறு என்று தட்டினேன். சிவப்பு. தகுதி இல்லை.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, விடு" என்று உள்ளே போய் காபி கொண்டு வந்தார். அடுத்த வாரம் அவர்கள் ஊருக்கு முகாம் வந்தது. பெரியம்மா போனார், ஆனால் வேறு ஒரு மனு கொடுக்க. உரிமைத் தொகைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அம்மா போனில் கேட்டபோது சொன்னது என் காதிலும் விழுந்தது. "நான் எதுக்குடி குடுக்கணும். படிச்ச புள்ள, பாப்பா போன்லயே இல்லன்னு வந்துருச்சே."

இந்த இடத்தில் என் கோடைக் கொஞ்சம் உங்களுக்குக் காட்ட வேண்டும். நிலத்துக்கான வரி என்ன தெரியுமா? நிலம் ஐந்துக்குக் குறைவு என்றால் மேலே போ, இல்லையென்றால் நிறுத்து. நன்செய், புன்செய் எங்கே? இல்லை. ஏன் இல்லை? அரசாணை வாசகத்தை முதலில் எனக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் நோட்ஸ் எடுத்திருந்தேன். வெட் லேண்ட், டிரை லேண்ட் என்று எழுதியிருந்தேன். வெட் லேண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது கரைவெட்டி. அரியலூர் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, குவிஸ்ஸில் வந்த கேள்வி. யாருக்கும் சொந்தமாகச் சதுப்பு நிலம் இருக்காதே, இது ஏதோ மழைக்காலம் வெயில்காலம் கணக்கு போல என்று நினைத்தேன். எதுக்கு வம்பு, சின்ன எண்ணை எடுத்துக்கொண்டால் சேஃப். தப்பாக "உண்டு" என்று சொல்லி யாரையும் வரிசையில் நிற்க வைக்க மாட்டோம். தப்பாக "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அப்படிச் சொன்னால் அந்த ஆள் வரிசைக்கே வர மாட்டார். வராதவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. என் டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "நாம சாப்பிடற சோறு நஞ்சைல விளையுது, நம்ம சோளம் புஞ்சைல விளையுது. இது கூடவா பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல?" ஆறு, ஏரி, வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து நெல் விளைகிற நிலம் நன்செய். மழையை நம்பிய நிலம் புன்செய். கிணறு வெட்டிப் பாசனம் செய்தாலும் ரெவின்யூ கணக்கில் அது பெரும்பாலும் புன்செய் என்றுதான் இருக்கும். பேச்சில் நஞ்சை, புஞ்சை. சிட்டாவை எடுத்துக் காட்டினார். புன்செய்க்குத் தனிப் பத்தி, நன்செய்க்குத் தனிப் பத்தி. எங்கள் வீட்டு பீரோவில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த இரண்டு பத்தியும் இருந்திருக்கிறது.

பெரியம்மாவின் ஆறு ஏக்கரில் நஞ்சை இரண்டு, புஞ்சை நாலு. ஐந்துக்கும் கீழே, பத்துக்கும் கீழே. எந்தக் கணக்கிலும் அவர் தாண்டவில்லை. என் கணக்கில் மட்டும் தாண்டினார்.

அதற்கு அப்புறம்தான் பிசினஸ் ரூல்ஸ் என்ஜின் பக்கம் போனேன். இந்தப் பெயரைக் கேட்டு ஏதோ எம்பிஏ சமாசாரம் என்று பயப்படாதீர்கள். யோசனை ரொம்ப எளிது. சாஃப்ட்வேரில் ரெண்டு விதமான வரிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்க்ரீனைக் காட்டு, டேட்டாபேஸில் எழுது, போட்டோவைச் சுருக்கு என்பது மாதிரி. இது புரோகிராமர் வேலை. இன்னொன்று, 5 ஏக்கர், 3600 யூனிட், டிராக்டர் இருந்தால் இல்லை என்பது மாதிரி. இது புரோகிராமர் முடிவு செய்வதில்லை. எங்கோ ஒரு அலுவலகம் முடிவு செய்கிறது, நாளைக்கு மாற்றும். ரெண்டையும் ஒரே குழம்பாக வைத்தால் நிலத்துக்கு ஒரு எண்ணை மாற்ற ஆப் முழுவதையும் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். ரூல் என்ஜின் என்பது இரண்டாவது வகை வரிகளைத் தனியாக ஒரு ஃபைலில் வைத்து, "இந்தா விவரம், இந்தா விதிகள், எது பொருந்துது சொல்லு" என்று கேட்கும் ஒரு பொறி.

இது புதுசு கிடையாது. 1978-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மாட் ஆர்1 என்று ஒன்றை எழுதத் தொடங்கினார். டெக் கம்பெனியின் வேக்ஸ் கம்ப்யூட்டரை ஒருவர் ஆர்டர் செய்தால் அதோடு எந்த கேபிள், எந்த அலமாரி, எந்த பவர் சப்ளை போக வேண்டும் என்று சரிபார்க்கிற வேலை. சில நூறு விதிகளில் ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் போனது. அதே பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்ஜி ரீட்டி அல்காரிதத்தை உருவாக்கினார். ஒரு விவரம் மாறும்போது எல்லா விதியையும் மறுபடி முதலிலிருந்து பார்க்காமல், ஏற்கெனவே பாதி பொருந்தியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மாறிய இடத்தை மட்டும் பார்க்கிற வழி. ரீட்டி என்றால் லத்தீனில் வலை. அதற்கப்புறம் நாசாவின் கிளிப்ஸ், ஜாவாவில் 2001-ல் தொடங்கிய டுரூல்ஸ் என்று வரிசையாக வந்தன. எங்களிடம் மொத்தம் பதினான்கு விதி. அதுக்கு ரீட்டி எல்லாம் எலியைப் பிடிக்க யானை கட்டுவது மாதிரி. ஆனால் வைவாவில் கேட்பார்கள், படித்து வையுங்கள்.

முதலில் டுரூல்ஸைத்தான் எடுத்தோம். ஜாவா சர்வரில் ஓட்டினோம். லேபில் அருமையாக ஓடியது. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் சிக்னல் ஒரு கோடு. சுற்றிச்சுற்றி வட்டம்தான் வந்தது. அப்போதுதான் "எம்பெடபிள்" என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு உறைத்தது. சந்தேகம் கேட்க ஒவ்வொரு தடவையும் தாலுகா ஆபீஸுக்கு பஸ் பிடித்துப் போவது ஒன்று. விவரம் தெரிந்த சித்தப்பா வீட்டிலேயே இருப்பது இன்னொன்று. எம்பெடட் என்ஜின் அந்தச் சித்தப்பா. தனி சர்வர் இல்லை, நெட் வேண்டாம். ஆப்புக்குள்ளேயே ஒரு லைப்ரரியாக உட்கார்ந்திருக்கும். நாங்கள் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் ஜேசன்-ரூல்ஸ்-என்ஜினை எடுத்துக்கொண்டோம். ஓப்பன் சோர்ஸ், ஆப்புக்குள்ளேயே ஓடும். விதிகள் வெறும் ஜேசன் ஃபைல். அதில் இன்னொரு லாபமும் உண்டு. பெரியம்மாவின் வருமானமும் நிலமும் எந்த சர்வருக்கும் போகாது. அவர் போனிலேயே கேட்டு, அவர் போனிலேயே மறக்கப்படும்.

மாற்றி எழுதியாச்சு, முடிஞ்சுது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த என்ஜினில் ரெண்டு பெட்டி உண்டு. "ஆல்" என்றால் உள்ளே இருக்கும் எல்லாம் பொருந்த வேண்டும். "எனி" என்றால் ஒன்று பொருந்தினால் போதும். அரசாணையில் "நன்செய் 5 ஏக்கருக்குக் குறைவு அல்லது புன்செய் 10 ஏக்கருக்குக் குறைவு" என்று இருக்கிறது. அல்லது என்றால் ஆர். ஆர் என்றால் எனி. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் சென்டம் வாங்கிய கை, யோசிக்காமல் எனி போட்டது.

இந்த முறை ஜேசனை அப்படியே விடாமல், அதிலிருந்து ஒரு அட்டவணை தமிழில் வருகிற மாதிரி செய்து, பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் முடிவு, கீழே நாங்கள் போட்ட உதாரணங்கள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேஷன் கடை பில் பார்க்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"இது யாரு, நஞ்சை இல்ல, புஞ்சை நாப்பது ஏக்கர்? இவருக்கு ஆயிரம் ரூபாவா?"

"அது சும்மா டெஸ்டுக்குப் போட்டது அப்பா."

"டெஸ்டுக்குன்னாலும் உண்டுன்னு போட்டிருக்கியே."

பார்த்தேன். நாற்பது ஏக்கர் புஞ்சைக்காரருக்கு நஞ்சை பூஜ்யம். பூஜ்யம் ஐந்துக்குக் குறைவு. எனி பெட்டியில் ஒன்று பொருந்தினால் போதும். பச்சை. நம்ம பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு நஞ்சையே கிடையாது, அதனால் எத்தனை ஏக்கர் இருந்தாலும் எல்லோரும் பாஸ். திருமானூர் பக்கம் நஞ்சை மட்டும் வைத்திருக்கும் பெரிய பண்ணைக்காரரும் பாஸ். பேச்சில் வரும் "அல்லது" வேறு, கேட்டில் வரும் ஆர் வேறு. அங்கே "அல்லது" என்பது உன்னிடம் எந்த நிலம் இருக்கிறதோ அதற்கான அளவைப் பார் என்று அர்த்தம். இன்ஜினில் அது ஆல்தான். நஞ்சையும் ஐந்துக்குள், புஞ்சையும் பத்துக்குள்.

அப்பா அதோடு விடவில்லை. "நஞ்சை நாலு, புஞ்சை ஒம்பது வச்சிருந்தா?" என்றார். ஆல் படி உண்டு. "ஐஞ்சுக்குப் பத்துன்னா ஒரு ஏக்கர் நஞ்சை ரெண்டு ஏக்கர் புஞ்சைக்குச் சமம்னுதான அர்த்தம். அப்ப இவருக்கு எட்டரை ஏக்கர் நஞ்சை இருக்கற மாதிரி." வாக்குவாதம் இரவு பத்தரை வரை போனது. கடைசியில் என்ஜினுக்கு மூன்றாவது பதில் ஒன்று கொடுத்தோம். ரெண்டு கணக்கிலும் உள்ளே வந்தால் பச்சை. ரெண்டு கணக்கிலும் வெளியே போனால் சிவப்பு. ஒன்றில் உள்ளே, ஒன்றில் வெளியே என்றால் மஞ்சள்: "விண்ணப்பம் கொடுங்கள், அங்கே முடிவு செய்வார்கள்." சிவப்பில்கூட "இது எங்கள் கணக்கு மட்டுமே, விண்ணப்பிக்கத் தடையில்லை" என்ற வரியைச் சேர்த்தேன். முதல் வெர்ஷனிலேயே அந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

ரூல் என்ஜின் விற்கும் கம்பெனிகள் எல்லாம் ஒரு வாக்குறுதி தரும். புரோகிராமரே வேண்டாம், துறையில் இருப்பவர்களே விதியை எழுதிக்கொள்ளலாம் என்று. என் அனுபவத்தில் அது கதை. அப்பா ஜேசனில் ஒரு கமாகூட வைக்க மாட்டார். ஆனால் எழுத முடியாதவரால் படிக்க முடியும், படித்துத் தப்பைப் பிடிக்க முடியும். இருநூறு வரி இஃப்பை அவரிடம் கொடுத்திருந்தால் நாற்பது ஏக்கர்க்காரர் இன்னும் பச்சையில்தான் இருந்திருப்பார்.

சின்னச் சின்ன அடிகளும் உண்டு. சிட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். விதி ஏக்கரில். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். பெரியம்மாவின் ரெண்டு ஏக்கர் நஞ்சை சிட்டாவில் ஹெக்டேர் பத்தியில் பூஜ்யம், ஏர் பத்தியில் 81 என்று இருக்கும். அதைப் பார்த்து யாராவது 81 ஏக்கர் என்று தட்டினால் கதை முடிந்தது. இன்னொன்று, மின்சாரம். பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை, விதி ஆண்டுக்கு. 3600 என்றால் பில்லுக்கு சராசரி 600. ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, போன பில்லில் எவ்வளவு என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ரொம்ப நேரம் பிடித்த அடி வேறு. பதில் தெரியாமல் ஒரு பெட்டியைக் காலியாக விட்டால் என்ஜின் எரர் எறிந்து நின்றுவிடும். அதைத் தடுக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது, ஆன் செய்தேன். நிற்கவில்லை. ஆனால் காலியாக இருப்பது 3600-க்குக் குறைவா என்று கேட்டால் இல்லை என்று வரும். அதாவது "எனக்குத் தெரியாது" என்று சொன்னவருக்கு "உங்களுக்குத் தகுதி இல்லை." தெரியாதது வேறு, இல்லாதது வேறு என்று ஒரு மெஷினுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் முன்னால், விவரம் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு விதி வைத்தோம். இல்லையென்றால் மஞ்சள்.

எனக்குப் பிடித்த அம்சம், ஓடி முடித்ததும் பொருந்தாத விதிகளையும் என்ஜின் தனியாகத் திருப்பித் தரும். எந்த நிபந்தனை, என்ன மதிப்பு வந்தது, எது தவறியது என்று. அதை எடுத்து தமிழில் ஒரு வரியாக்கி ஸ்க்ரீனில் போட்டோம். "நீங்கள் சொன்ன நன்செய் 6 ஏக்கர், வரம்பு 5-க்குக் குறைவு." முதல் வெர்ஷனில் பெரியம்மாவுக்கு இந்த வரி வந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார், "நஞ்சை ஆறு இல்லயே பாப்பா, ரெண்டுதான்" என்று. காரணம் சொல்லாத "இல்லை"யோடு யாரும் சண்டை போட முடியாது.

ரிவ்யூவில் எக்ஸ்டர்னல் சரியாக அந்தக் கேள்வியைக் கேட்டார். "பதினாலு ரூலுக்கு என்ஜின் எதுக்கும்மா? இஃப் எல்ஸ் போதாதா?" போதும் சார், விதி மாறவே மாறாது என்றால் போதும் என்றேன். ஆனால் மாறியது. விண்ணப்பங்கள் மறுபடி வாங்கத் தொடங்கிய 2025-லேயே சில தளர்வுகள் வந்தன. அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பங்களின் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்பது அதில் ஒன்று. எங்களுக்கு டிராக்டர் விதியில் ஒரு நிபந்தனை கூடியது, ஃபைலின் தேதி மாறியது, அவ்வளவுதான். ஆப்பைத் தொடவில்லை.

அதற்காக எம்பெடட் என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். சர்வரில் இருந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். போனுக்குள் இருந்தால் ஒவ்வொரு போனும் தன் பழைய விதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நெட் கிடைக்கும் வரை. சித்தப்பா வீட்டிலேயே இருக்கிறார், சரி, ஆனால் அவர் போன வருஷத்துப் பேப்பரைப் படித்துவிட்டுப் பேசுகிறார். அதனால் பதிலுக்குக் கீழே "இந்த விதிகள் இந்தத் தேதி நிலவரப்படி" என்று கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போட்டோம்.

தேதி எவ்வளவு முக்கியம் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரித்தார்கள். பெரியம்மா மகள் பிறந்தது 2001-ல், அரியலூர் மாவட்டம். அவள் தம்பி பிறந்தது 2003-ல், பெரம்பலூர் மாவட்டம். அதே வீடு, அதே திண்ணை, அதே வேப்பமரம். முதல் வெர்ஷனில் பிறந்த மாவட்டமும் இப்போதைய மாவட்டமும் வேறாக இருந்தால் "குடிபெயர்ந்தவரா?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். தம்பி அதைப் பார்த்து, "நான் எங்கயும் போகலக்கா, மாவட்டம்தான் போயிட்டு வந்துச்சு" என்றான். அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டோம். ஒவ்வொரு விதிக்கும் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று ரெண்டு பெட்டி வைக்கும் யோசனை அவன் போட்ட பிச்சைதான்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஊரில் முகாம் முடிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து, பஸ்ஸில் நாற்பது நிமிஷம் தள்ளி ஒரு ஊரில் முகாம் போட்டார்கள். அங்கே கொடுக்கலாமா என்று விசாரித்து, கொடுக்கலாம் என்று தெரிந்தபிறகு நான் காலேஜுக்கு லீவ் போட்டுவிட்டுப் போனேன். பெரியம்மாவுக்கு அன்றைய வேலை போனது. வரிசை நீளம். வெயில். "நான் போட்ட ஆப்தான் பெரியம்மா தப்பு" என்று வழியில் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "அட, விடு பாப்பா" என்றார். விண்ணப்பத்தில் நில விவரம் என்ற இடம் வந்ததும் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, நன்செய் பத்தியில் 2, புன்செய் பத்தியில் 4 என்று அவரே எழுதினார். எட்டாவது வரை படித்தவர். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

பதில் இன்னும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினார். எதுவும் வந்துவிட்டதா என்று ஆவலாக எடுத்தேன். "அது இல்ல பாப்பா. தெற்குத் தெருவுல என்கூட வேலைக்கு வர்றவ வீட்ல டிராக்டர் இருக்கு, மானியத்துல வாங்குனது. டிராக்டர் இருக்கறதால கெடைக்காதுன்னு எழுதியே குடுக்காம இருக்கா. உன் போன் இப்ப அதுக்கு என்ன சொல்லுது?"

"ஒரு நிமிஷம் பெரியம்மா" என்று லேப்டாப்பைத் திறந்தேன். "அவங்க பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க. நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவுன்னு தனித்தனியா கேட்கணும்."